முதுகில் வெயில்

நாகர்கோவிலில் சமீபத்தில் ஒரு கல்யாணம். பெண், என் மனைவியின் தங்கை மகள். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. சாப்பாட்டில்கூட யாராலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. சண்டை வந்தது மறுநாள் காலையில்தான். அதுவும் நகையைப் பற்றியோ, சீர்வரிசையைப் பற்றியோ அல்ல; சூரியனைப் பற்றி.

இந்தக் காலத்துக் கல்யாணங்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியே அழைத்துப் போய்ப் படம் எடுப்பது என்று ஒரு புதுச் சடங்கு சேர்ந்திருக்கிறது. இதற்குப் புரோகிதர் போட்டோகிராபர்தான். அவர் நில் என்றால் நிற்க வேண்டும். சிரி என்றால் சிரிக்க வேண்டும். நட என்றால் பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தச் சடங்குக்காக நாங்கள் இரண்டு வண்டிகளில் வட்டக்கோட்டைக்குப் போனோம். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், கடலை ஒட்டியிருக்கும் கருங்கல் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில், மார்த்தாண்ட வர்மா காலத்தில், டிலனாய் பலப்படுத்தியது. அதன் மதிலில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பும் மலையும்.

காலை ஒன்பது மணி. சூரியன் கடலுக்கு மேலே ஏறி நின்று கண்ணைக் குத்திக்கொண்டிருந்தான். போட்டோகிராபர் இருபத்தைந்து வயசுப் பையன். அவன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தான். அதாவது, சூரியனுக்கும் முதுகு காட்டி.

"தம்பி, நில்லு!" என்று ஒரு குரல் வந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். "வெயிலைப் பார்த்து நிற்க வைக்கணும் தம்பி. சூரியனுக்கு எதிரே காமிராவைப் பிடித்தால் முகமெல்லாம் கறுத்துப் போகும். இதுகூடத் தெரியாமல் தொழிலுக்கு வந்துவிட்டாயா?" என்றார்.

பையன் பதில் சொன்னான். அவர் அதற்குப் பதில் சொன்னார். பெண் பட்டுப்புடவையில் வியர்த்தாள். கடைசியில் பெரியப்பா என்னைப் பார்த்து, "எழுத்தாளர் சார், நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

எழுத்தாளனிடம் நியாயம் கேட்பதில் உள்ள ஆபத்து அவருக்குத் தெரியாது. கதை எழுத வருவதற்கு முன் நான் என்ன தொழில் செய்தேன் என்பதும் அவருக்குத் தெரியாது.

கல்லூரிப் படிப்பை இரண்டாவது வருஷத்தோடு நிறுத்திவிட்டு வீட்டில் முகம் காட்ட முடியாமல் இருந்த ஒரு சமயத்தில், 1998-இல், நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கன்னியாகுமரிக்கு வரும் புதுத் தம்பதிகளைப் படம் எடுத்து, விலாசம் வாங்கிக்கொண்டு, தபாலில் பிரதி அனுப்புவது எங்கள் தொழிலில் பாதி. ஆறு மாதம் பையைத் தூக்கிய பிறகு அண்ணாச்சி என் கழுத்தில் ஒரு பழைய பென்டாக்ஸ் கே-1000 காமிராவை மாட்டிவிட்டார். அதைவிடக் கனமான மாலை எதுவும் இதுவரை என் கழுத்தில் விழுந்ததில்லை.

பெரியப்பா சொன்னது தப்பில்லை. பழைய சாஸ்திரம் அதுதான். 1900-ஆம் வருஷம் கோடக் கம்பெனி ஒரு டாலர் விலையில் பிரௌனி என்ற அட்டைப்பெட்டிக் காமிராவை விற்க ஆரம்பித்தது. அந்த மாதிரிக் காமிராக்களில் லென்ஸ் சிறிது. பிலிமுக்கோ வேகம் குறைவு. வெயில் நேராக முகத்தில் விழுந்தால்தான் படம் விழும். ஆகவே, "சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்" என்று படம் எடுப்பவர்களுக்கு உபதேசம் செய்தார்கள். லென்ஸ் வளர்ந்தது, பிலிம் வளர்ந்தது, பிலிமே போய்விட்டது. உபதேசம் மட்டும் போகவில்லை.

ஒரே ஆளைப் படம் எடுக்கும்போது அந்த உபதேசத்தினால் பெரிய நஷ்டமில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரிடமோ கடன் கேட்டு இல்லையென்று வந்தவர் போல இருப்பார், அவ்வளவுதான். இரண்டு பேரை நிறுத்தும்போதுதான் வம்பு. அண்ணாச்சி இதை எனக்கு வாயால் சொல்லவில்லை. ஒரு நாள் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு தம்பதியைச் சூரியனுக்கு நேராக நிறுத்தி, "பாரு" என்றார். இருவரும் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்கள். புருவத்துக்குக் கீழே கண்ணுக்குப் பதிலாக இரண்டு குழிகள். பிறகு அவர்களைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார். வெயில் ஒரு புறமிருந்து வந்தது. கணவன் உயரமானவன். அவனுடைய நிழல் அப்படியே மனைவியின் முகத்தில் விழுந்தது. பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் இருட்டு.

"பார்த்தியா மக்கா? புருஷன் வெயில்ல நிக்கான். பெஞ்சாதி அவன் நிழல்ல நிக்கா. இப்பிடி ஒரு படத்தைக் காசு வாங்கிட்டுக் கொடுக்கலாமா?" என்றார்.

அப்புறம் இருவரையும் முழுக்கத் திருப்பி, சூரியன் முதுகில் படும்படி நிறுத்தினார். என்ன மாறுதல்! சுருங்கியிருந்த நெற்றி விரிந்தது. கண் திறந்தது. தலைமுடியின் ஓரத்தில் பொன் இழை ஓடியது. இரண்டு முகத்திலும் ஒரே மாதிரியான, இதமான நிழல். ஒருவர் நிழல் இன்னொருவர் மேல் விழவில்லை. தம்பதிகளுக்கு நியாயமான வெளிச்சம் இதுதான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

நம் சினிமாக்காரர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' 1980-இல் வந்தது. அதற்கு ஒளிப்பதிவு செய்த அசோக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் ஓர் ஆணும் பெண்ணும் அதிகாலையில் ஓடும் பாட்டைப் பார்த்தவர்கள், காலை வெளிச்சம் இரண்டு பேருக்கு என்ன செய்யும் என்பதை மறக்க மாட்டார்கள்.

ஆனால் சூரியனை முதுகில் வைத்தால் பெரியப்பா சொன்ன ஆபத்தும் கூடவே வருகிறது. முகம் கறுத்துவிடும். இது சூரியன் செய்யும் குற்றமல்ல. காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி செய்யும் குற்றம். அந்த மானிக்கு மனுஷரைத் தெரியாது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கலந்து பார்த்தால் விழும் ஒளியில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் நிறம் வரும் என்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அது பிழைக்கிறது. பின்னால் வானமும் கடலும் பளபளத்தால், "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!" என்று பயந்து, எல்லாவற்றையும் குறைக்கச் சொல்கிறது. அதன் பேச்சைக் கேட்டால் வானம் அழகாக வரும். அதற்கு முன்னால் நிற்கிற மனிதர்கள் கரிக்கட்டையாக வருவார்கள்.

ஃப்ளாஷ் போடலாமே என்று கேட்கலாம். எங்கள் காமிராவில் ஷட்டரை 1/60 செகண்டுக்கு மேல் வேகமாக வைத்தால் ஃப்ளாஷ் சரிப்படாது. அந்த வேகத்தில் வெயிலைச் சமாளிக்க வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை ஊசிமுனை போலச் சுருக்க வேண்டும். அப்போது எங்களுடைய சின்ன ஃப்ளாஷின் வெளிச்சம் நாலைந்து அடிக்கு மேல் எட்டாது. ஒரு தெர்மோகோல் பலகையைப் பிடித்து வெயிலை முகத்தின்மேல் திருப்பலாம். ஆனால் கடற்காற்றில் தெர்மோகோல் பலகை பிடிப்பவன் பட்டம் விடுகிறவன் மாதிரி. கொஞ்சம் அசந்தால் பலகை கடலுக்குள் போய்விடும்.

ஆகவே அண்ணாச்சியின் வழி ஒன்றே ஒன்று. "கிட்டப் போ. காமிராவுல அவங்க முகம் மட்டும் தெரியுத வரைக்கும் கிட்டப் போ. அங்கன நின்னு முள்ளை நேராக்கு. பொறவு பின்னால வந்து, திருகைத் தொடாம எடு. வானம் வெளுத்தா வெளுத்துட்டுப் போவுது. வானத்தை அனுப்புத விலாசமா எழுதி வாங்கிருக்கே?"

இவ்வளவுதான் வித்தை. வானமும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் நடக்காது. முகம்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், கிட்டப் போகத்தான் வேண்டும்.

கேட்பதற்குச் சுலபம். பத்தொன்பது வயசுப் பையன், கல்யாணமாகி ஒரு வாரமான இருவரின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் காமிராவோடு போய் நின்று பார்த்தால் தெரியும். அந்தப் பெண்கள் தலையைக் குனிவார்கள். கணவன்மார் தொண்டையைக் கனைப்பார்கள். எனக்குக் காது சிவக்கும். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அதற்குப் பிறகு யாருடைய முகத்துக்கு முன்னாலும் நான் கூசாமல் போய் நின்றேன். சூரியனை உள்ளங்கையில் ஏந்தச் சொன்னேன்; விரல்களுக்கு நடுவே பிடிக்கச் சொன்னேன். படம் எல்லாம் நன்றாக வந்தது. அண்ணாச்சி என் சம்பளத்தைக்கூடக் கொஞ்சம் உயர்த்தினார்.

1999-ஆம் வருஷம் தை மாதத்தில் என் அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள்.

அப்பா தமிழாசிரியர். நான் படிப்பை நிறுத்தியதிலிருந்து என்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. கன்னியாகுமரிக்கு வந்ததுகூட என்னைப் பார்க்க அல்ல என்பது போலத்தான் வந்தார். கடலுக்குள் பாறைமேல் வள்ளுவர் சிலை எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. 133 அடிச் சிலை. 2000 ஜனவரி முதல் தேதி திறந்தார்கள். அப்போது சாரக்கட்டுக்குள் இருந்தது. அப்பா வள்ளுவரைப் பார்க்க வந்தார். அம்மா கடலைப் பார்க்க வந்தாள். என்னைப் பார்க்க வந்ததை இருவருமே சொல்லவில்லை.

அப்பா எப்போதும் அம்மாவுக்குப் பத்தடி முன்னால் நடப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி. திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா வருகிறாள் என்பது அவருக்குக் கொலுசுச் சத்தத்தில் தெரியும். இருவரும் சேர்ந்து நின்ற படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான வாரத்தில் ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் அப்பா உட்கார்ந்திருப்பார், அம்மா நின்றுகொண்டிருப்பாள். இருவருக்கும் பின்னால் திரையில் ஓர் அரண்மனை.

சாயங்காலம் ஐந்தரை மணி. தை மாதத்தில் அங்கே சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும். இன்னும் இறங்கவில்லை, கண் கூசும் வெயில். அன்று ஒரு தம்பதியைப் படம் எடுத்துவிட்டு வந்திருந்தேன். ரோலில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. 36-ஆவது படம். அப்பாவும் அம்மாவும் கடலோரத்தில் நின்றிருந்தார்கள். அதிசயமாக, பக்கத்தில் பக்கத்தில்.

"அப்பா, ஒரு படம்" என்றேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். அம்மாவும் திரும்பினாள். சூரியன் இருவருக்கும் பின்னால். நான் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். இருபது அடி நடந்து, அப்பாவின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்று, முள்ளைப் பார்க்க வேண்டும்.

என்னால் போக முடியவில்லை.

ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருடைய முகத்துக்கு முன்னால் போய் நின்றவன் நான். அப்பாவின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. அதுவும் அம்மா பக்கத்தில் நிற்கும்போது! அவர்கள் இருவரும் சேர்ந்து நிற்பதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதே தப்பு என்பது போல இருந்தது. நின்ற இடத்திலிருந்தே காமிராவைத் தூக்கினேன். சூரியனைப் பார்த்து முள் துள்ளியது. அது சொன்னபடி திருகினேன். எடுத்தேன்.

படம் கழுவி வந்தது. வானம் தங்கத் தகடு மாதிரி இருந்தது, கடல் மின்னியது. நடுவில் இரண்டு கறுப்பு உருவங்கள். கண் இல்லை, மூக்கு இல்லை. அண்ணாச்சி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"யாருலே இது?"

"எங்க அப்பா, அம்மா."

அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கிட்டப் போகக் கூச்சமா இருந்தா ஒன் உள்ளங்கையை நீட்டி அதுல அளந்திருக்கலாமே மக்கா. ஒரு படி கூட்டி வச்சா சரியா வந்திருக்கும். ஒரே வெளிச்சந்தானே?" என்றார். அதற்கு முன் அதை எனக்கு அவர் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

படத்தை ஊருக்கு அனுப்பினேன். அப்பா கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை காமிராவும் கையுமாக ஊருக்குப் போனேன். இன்னொரு படம் எடுத்திருக்கலாம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். 2006-இல் அப்பா போய்விட்டார். கூடத்தில் மாலை போட்டு மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டியிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் குழுப் படத்திலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். இடது தோளில் யாரோ ஓர் ஆசிரியரின் கை பாதி இருக்கிறது.

கம்ப்யூட்டர் எல்லாம் வந்த பிறகு அந்த 36-ஆவது நெகட்டிவைத் தேடி எடுத்து, சென்னையில் ஓர் இடத்தில் கொடுத்துப் பார்த்தேன். அவர் அதை விளக்கின்மேல் வைத்துக் காட்டினார். அப்பாவும் அம்மாவும் நின்ற இடத்தில் நெகட்டிவ் வெறும் ஆரஞ்சு நிறக் கண்ணாடியாக இருந்தது. "வெளிச்சம் பதிந்திருந்தால் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் எடுத்துவிடலாம் சார். இதில் பதியவே இல்லையே. இல்லாததை எப்படி எடுப்பது?" என்றார். நியாயமான பேச்சு.

அம்மாவுக்கு இப்போது எழுபது வயசுக்கு மேல். சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, அவளுடைய டிரங்குப் பெட்டியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். "இதை ஏன் வச்சிருக்கே? மூஞ்சியே தெரியலையே" என்றேன்.

"மூஞ்சிய நான் தெனம் பார்த்தேன்" என்றாள். பிறகு விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். "இங்க பாரு."

அப்பாவின் உருவத்தில், தொங்கவிட்ட கையின் முனையில், ஏதோ இரண்டு கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"என் செருப்பு. அலைல நிக்கணும்னு கழட்டிப் போட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து தேடுனா அவுக காலடியில கெடந்துச்சு. 'மணல்லதான் கெடந்துச்சு, நீதான் பாக்கல'ன்னாக. கையில எடுத்து வச்சிருந்தது இந்தப் படம் வந்தப்புறந்தான் எனக்கே தெரியும்."

"அப்பாகிட்டக் கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

நான் கிட்டப் போயிருந்தால் அப்பா அந்தச் செருப்பை உடனே கீழே போட்டிருப்பார் என்று சில சமயம் தோன்றும். உள்ளங்கையை நீட்டி அளந்திருந்தால் செருப்பும் இருந்திருக்கும், முகமும் இருந்திருக்கும் என்று வேறு சில சமயம் தோன்றும். முதலாவது எனக்கு ஆறுதல். இரண்டாவதுதான் உண்மை.

இதையெல்லாம் வட்டக்கோட்டை மதில்மேல் நின்று பெரியப்பாவிடம் சொல்ல முடியுமா? "பையன் நிறுத்தியது சரிதான். ஆனால் முகத்தை அளக்கிறானா என்று பார்ப்போம்" என்றேன். பையன் அளந்தான். கிட்டப் போய், காமிராவை மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தான். உதவியாள் ஒருவன் வட்டமான வெள்ளித் தட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டினான். படத்தைக் காமிராவின் முதுகிலேயே காட்டினார்கள். பெண்ணின் கண் நன்றாகத் திறந்திருந்தது. பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். சர்வேயர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது பெரிய விஷயம்.

கிளம்பும் சமயத்தில் பெரியம்மா சற்று ஒதுங்கி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் டெலிபோன் இருந்தது. இப்போதெல்லாம் அதிலேயே காமிரா. முகத்தின்மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முகத்தை அளந்துகொள்கிறது. வெவ்வேறு வெளிச்சத்தில் நாலைந்து படங்களை எடுத்து ஒன்றாகத் தைத்து, வானத்தையும் முகத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. கிட்டப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இருந்தாலும் நான் பெரியப்பாவைப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, வெயில் முதுகில் படும்படி திருப்பி, ஒரு முழ தூரத்தில் போய் நின்றேன்.

"இவ்வளவு கிட்ட எதுக்கு?" என்றார் பெரியப்பா.

"அளப்பதற்கு" என்றேன்.

அளவு என்றதும் மனுஷர் பேசாமல் நின்றார். பிறகு பெரியம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இவருக்கு இந்த மச்சம் இங்கேயா இருக்கு!" என்றாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷமாம். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போனிலே இருந்தா எனக்குப் பார்க்கத் தெரியாது. காகிதத்திலே போட்டு அனுப்புவீங்களா?" என்று கேட்டாள்.

விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டேன். ஊருக்கு வந்து முதல் வேலையாக, தபாலில் அனுப்பினேன்.